தோரோங் லா: 5,416 மீட்டர் உயரக் கணவாயைக் கடக்கத் திட்டமிடும் முறை

நேபாளத்தின் மனாங் மாவட்டத்துக்கும் முஸ்தாங் மாவட்டத்துக்கும் நடுவே, 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தோரோங் லா. ‘லா’ என்பது திபெத்திய மொழியில் கணவாய். அன்னபூர்ணா மலைத்திரளைச் சுற்றிவரும் புகழ்பெற்ற நடைவழியின் மிக உயர்ந்த இடம் இதுதான். கயிறும் பனிக்கோடரியும் பிடிக்கத் தெரியாத சாதாரண மனிதரும், நல்ல பருவத்தில், தன் காலாலேயே நடந்து கடக்க முடிகிற கணவாய் என்பதால் ஆண்டுதோறும் ஏராளமானோர் இங்கே வருகிறார்கள். வழியெங்கும் தங்குவிடுதிகள் இருக்கின்றன, சூடான சோறு கிடைக்கிறது, பாதை தெளிவாக இருக்கிறது. இந்த வசதிகளைப் பார்த்து உயரத்தையும் வானிலையையும் மறந்துவிடுகிறவர்களே இங்கே ஆபத்தில் சிக்குகிறார்கள்.

கணவாயைக் கடப்பது ஒரு நாள் வேலை. அதற்கு முந்தைய எட்டு ஒன்பது இரவுகளில் எந்தெந்த உயரத்தில் உறங்கினோம் என்பதும், ஊர் திரும்பும் பயணச்சீட்டுக்கு முன்னால் எத்தனை நாள் மிச்சம் வைத்திருக்கிறோம் என்பதுமே அந்த ஒரு நாளைத் தீர்மானிக்கின்றன. ஆகவே சாமான் பட்டியலைவிட நாட்கணக்குக்கே இந்த வழிகாட்டியில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் உயரத்தைப் புரிந்துகொள்ளுதல்

தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். இலங்கையின் பிதுருதலாகலை 2,524 மீட்டர். மனாங் மாவட்டத்தின் தலைமையிடமான சாமே என்ற சிற்றூர் ஏறத்தாழ 2,670 மீட்டரில் இருக்கிறது. அதாவது, நாம் நம் மண்ணில் ஏறக்கூடிய உச்சி எங்கே முடிகிறதோ, ஏறக்குறைய அங்கேதான் இந்தப் பயணத்தின் உயரக் கணக்கு தொடங்குகிறது. வெள்ளியங்கிரியிலும் பர்வதமலையிலும் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் கால் பழகும், மூச்சு சீராகும், மனம் துணியும். ஆனால் உயரத்துக்கு உடல் பழகுவதை அங்கே சம்பாதிக்க முடியாது. அதை அந்தந்த உயரத்தில் உறங்கித்தான் பெற வேண்டும்.

5,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை; அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைந்துவிடுகிறது. உடல் இதை ஈடுகட்ட வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குகிறது; அதனால் இரத்தத்தின் அமில கார நிலை மாறுகிறது; அந்த மாற்றத்தைச் சிறுநீரகங்கள் சரிசெய்ய நாட்கள் பிடிக்கின்றன. இந்த வேலையை மன உறுதியால் விரைவுபடுத்த முடியாது. மாரத்தான் ஓடுகிற இருபத்தைந்து வயதுக்காரர் உயரத்தால் வரும் மலைநோயால் படுத்துவிடுவதும், மெல்ல நடக்கும் அறுபது வயது அம்மா சிரித்தபடி கணவாயைக் கடப்பதும் இங்கே விந்தையில்லை. சொல்லப்போனால், வலுவானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கே ஆபத்து கூடுதல்.

மலை மருத்துவத்தில் ஏற்கப்பட்ட விதி எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டியபின், முந்தைய இரவு உறங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்த இடத்தில் அடுத்த இரவு உறங்கக்கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை கூடுதலாக ஓரிரவு அதே உயரத்தில் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் தவறில்லை, இரவு தாழ்ந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும். கீழே தந்திருக்கும் நாட்கணக்கு முழுவதும் இந்த ஒரு விதியிலிருந்து பிறந்தது.

காலத்தைத் தேர்ந்தெடுத்தல், வங்கக் கடலைக் கவனித்தல்

அக்டோபர் தொடக்கம் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை ஒரு பருவம். மார்ச் இறுதி முதல் மே வரை இன்னொன்று. இளவேனிலில் கணவாயில் பனி மிஞ்சியிருக்கும், பிற்பகல்களில் மேகம் திரளும். இலையுதிர்காலத்தில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் கூட்டமும் குளிரும் அதிகம். முதன்முறை போகிறவர்களுக்கு அக்டோபர் பிற்பகுதியையே பரிந்துரைப்பேன், ஓர் எச்சரிக்கையுடன்.

நமக்கு ஐப்பசி புயல் மாதம். 2014 அக்டோபர் 12 அன்று ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. அதன் எச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 14 அன்று அன்னபூர்ணா பகுதியில் கடும் பனிப்புயலாகக் கொட்டியது. தோரோங் லா வழியிலும் சுற்றியிருந்த மலைகளிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நேபாள மலைநடை வரலாற்றின் மிக மோசமான விபத்துகளில் அது ஒன்று. கணவாயை அடைந்துவிட்டு மேற்கே முஸ்தாங்கில் உள்ள முக்திநாத் பக்கம் இறங்குகையில், எதிரே ஒன்றும் தெரியாத வெண்மூட்டத்தில் வழி தவறியவர்கள் அவர்களுள் பலர். நல்ல பருவம் என்று எல்லோரும் சொல்கிற வாரத்தில்தான் இது நடந்தது.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் அது எந்தத் திசையில் போகிறது என்று வானிலை அறிக்கையைப் பின்தொடரும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. அதே பழக்கத்தை, கணவாய்க்குக் கிழக்கே உள்ள மனாங் ஊரிலும் தொடர வேண்டும். ஆந்திரத்தையோ ஒடிசாவையோ நோக்கி ஒரு புயல் நகர்கிறது என்று தெரிந்தால், கரையைக் கடந்து மூன்று நான்கு நாள் ஆகும்வரை கணவாய்க்குப் போகாமல் மனாங்கிலேயே காத்திருப்பதே சரி. அங்கே வானம் நீலமாக இருக்கும், மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவார்கள், அதைப் பொருட்படுத்தக்கூடாது.

மூன்று மாதங்களுக்கு முன்: உடல்

ஒரு நாளைக்கு ஆறேழு மணிநேரம் நடந்து, மறுநாளும் அதே அளவு நடக்கிற தாங்குதிறனே தேவை. வாரத்தில் மூன்று நாள் ஒரு மணிநேர விரைநடை அல்லது ஓட்டம், இரண்டு நாள் மாடிப்படி, வார இறுதியில் ஒரு நீண்ட நடை என்று தொடங்கி, இரண்டாம் மாதம் முதல் எட்டு கிலோ முதுகுப்பையுடன் இவற்றைச் செய்யலாம். சமவெளியில் வாழ்கிறவர்களுக்கு அடுக்குமாடிப் படிக்கட்டைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை. ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்கிவிடுகிறவர்கள் பாதிப் பயிற்சியைத் தொலைக்கிறார்கள். கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு ஒரே நாளில் சுமார் 1,650 மீட்டர் இறங்க வேண்டும். அன்று முழங்காலும் தொடையின் முன்தசையும் படும் பாட்டை நினைத்தால், இறங்கிப் பழகுவதே முதன்மை.

இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் அல்லது நுரையீரல் தொடர்பான சிக்கல் உள்ளவர்கள் மருத்துவரிடம் 5,400 மீட்டர் என்ற எண்ணைச் சொல்லியே கேட்க வேண்டும். ‘மலைக்குப் போகிறேன்’ என்று மட்டும் சொன்னால் அவர் ஊட்டியை நினைத்துக்கொள்வார்.

ஆவணம், பணம், காப்பீடு

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் செல்ல விசா வேண்டியதில்லை. விமானத்தில் போகிறவர்கள் கடவுச்சீட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ வைத்திருக்க வேண்டும், ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பக்கூடாது. மலைப்பகுதிக்குள் நுழைய அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதியின் அனுமதிச்சீட்டு தேவை. இந்தியா, இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டினருக்கு மற்ற வெளிநாட்டினரைவிடக் கட்டணம் குறைவு. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடைப்பயணிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் செல்ல வேண்டும் என்ற விதி இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் இந்தக் கணவாய்க்கு வழிகாட்டி வேண்டும் என்பதே என் கருத்து. அவரைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன், ‘எங்களில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மற்றவர்களை என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். தெளிவான பதில் வைத்திருப்பவரே உங்களுக்கு உரியவர். குழு சற்றுப் பெரிதென்றால் வழிகாட்டியுடன் ஓர் உதவியாளரும் இருப்பது நல்லது; ஒருவர் நோயாளியுடன் இறங்க, மற்றவர் குழுவுடன் இருக்கலாம்.

ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்றுவிகிதம். தேவையான பணத்தைக் காட்மாண்டுவிலேயே நேபாள நோட்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள், சிறிய நோட்டுகளாக. உயரம் கூடக்கூட உணவின் விலையும் கூடும். எல்லாமே முதுகிலும் கழுதையிலும் ஜீப்பிலும் ஏறி வருகிறது என்பதை நினைத்தால் அது நியாயமான விலைதான்.

காப்பீடு எடுக்கும்போது ‘மலைநடை உண்டு’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல், எத்தனை மீட்டர் உயரம்வரை என்று பாருங்கள். பல திட்டங்கள் 4,000 அல்லது 4,500 மீட்டரோடு நின்றுவிடும். 6,000 மீட்டர்வரை செல்லுபடியாகி, ஹெலிகாப்டர் மீட்பையும் சேர்த்துக்கொள்வதே பயன்படும். அதன் எண்ணும் அவசரத் தொலைபேசியும் வழிகாட்டியிடமும் வீட்டிலும் இருக்கட்டும்.

சாமான்

குளிருக்கு ஒரே தடித்த சட்டையைவிட அடுக்கடுக்கான உடையே பயன்படும்: வியர்வையை உறிஞ்சி விரைவில் உலரும் உள்ளுடை, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் இறகு நிரப்பிய ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத மேலுறை. பருத்தி ஆடை நம் ஊருக்கு வரம், அங்கே பகை. நனைந்தால் உலராது, உடல் சூட்டைத் திருடும். புது பூட்ஸுடன் போகிறவர்கள் இரண்டாம் நாளே கொப்புளத்துடன் நடப்பார்கள் என்பதால், குறைந்தது நூறு கிலோமீட்டர் அதை அணிந்து நடந்திருக்க வேண்டும். மைனஸ் 10 டிகிரி குளிரையாவது தாங்கும் உறக்கப்பை, இரண்டடுக்குக் கையுறை, தலைவிளக்கு, நடைக்கோல்கள், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி ஆகியவை கட்டாயம். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் சில மணிநேரத்தில் கண்ணைக் குருடாக்கும் அளவுக்கு வலிக்கச் செய்யும். உறைந்த பாதைக்குக் காலணியில் மாட்டும் சிறு முட்பட்டைகளைக் கையில் வைத்திருங்கள்; பனி இல்லாவிட்டால் எடை கொஞ்சந்தான்.

புட்டித் தண்ணீரை வாங்காமல் குளோரின் மாத்திரையோ வடிகட்டியோ கொண்டுபோகலாம். கைபேசியையும் மின்கலங்களையும் இரவில் உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளாவிட்டால் காலையில் அவற்றில் உயிர் இருக்காது.

நாட்கணக்கு

திசையைப் பற்றி முதலில். கிழக்கிலிருந்து மேற்காக, மனாங் வழியாக ஏறி முக்திநாத்தில் இறங்குவதே முறை. எதிர்த்திசையில் வந்தால் முக்திநாத்திலிருந்து கணவாய்வரை 1,650 மீட்டரை, நடுவில் உடல் பழக ஏற்ற தங்குமிடம் போதாத சரிவில், ஒரே மூச்சில் ஏற வேண்டியிருக்கும்.

காட்மாண்டுவிலிருந்து பெசிசஹர்வரை பேருந்து, அங்கிருந்து ஜீப். இப்போது மனாங்வரையே ஜீப் சாலை இருப்பதால், ஒன்றிரண்டு நாளில் 3,500 மீட்டருக்குப் போய் இறங்கிவிடும் சோதனை எல்லோருக்கும் வரும். அதற்கு இடங்கொடாமல் ஏறத்தாழ 1,900 மீட்டரில் உள்ள தாராபானியில் இறங்கி நடக்கத் தொடங்குங்கள். இரண்டாம் நாள் மர்ஸ்யாங்டி ஆற்றை ஒட்டிப் பைன் காடுகளின் வழியே சாமே. மூன்றாம் நாள் மேல்பிசாங், சுமார் 3,300 மீட்டர். ஆற்றோரம் கீழ்பிசாங்கிலும் தங்கலாம், ஆனால் மேல்பிசாங்கில் தங்குகிறவர்களுக்கே எதிரே இரண்டாம் அன்னபூர்ணா சிகரத்தின் முழுச்சுவர் காலையில் பொன்னாகும்.

நான்காம் நாள் சாலை வழியை விட்டு, க்யாரு என்ற கற்கோட்டை போன்ற ஊருக்கு ஏறி, அங்கிருந்து ஙாவலுக்குச் சென்று சுமார் 3,660 மீட்டரில் உறங்க வேண்டும். மூச்சிரைக்க வைக்கும் ஏற்றம் இது. பலர் தவிர்த்துவிட்டு நேர்வழியில் மனாங் போகிறார்கள். தவிர்க்காதீர்கள். உயரப் பழக்கத்துக்கு இந்த ஒரு நாளைப்போல் உதவுவது வழியில் வேறில்லை, காட்சியிலும் இதற்கு நிகர் இல்லை. ஐந்தாம் நாள் மெல்ல இறங்கி, பழம்பெரும் மடம் உள்ள பிராகாவைப் பார்த்தபடி, 3,540 மீட்டரில் மனாங்.

மனாங்கில் மூன்று இரவுகள். பெரும்பாலான திட்டங்களில் இரண்டு இரவுகளே இருக்கும். நான் மூன்று என்கிறேன். முதல் ஓய்வுநாளில் கங்காபூர்ணா பனியாற்றின் அடியிலுள்ள ஏரியைச் சுற்றி அதன் மேட்டில் ஏறி வரலாம். இரண்டாம் நாள், உடம்பு நன்றாக இருந்தால், 4,600 மீட்டரை ஒட்டியுள்ள பனி ஏரிவரை ஏறி மாலைக்குள் திரும்பலாம். இமாலய மீட்புச் சங்கம் மனாங்கில் நடத்தும் உதவி நிலையத்தில், பருவ காலத்தில், மருத்துவர்கள் பிற்பகலில் மலைநோய் பற்றி உரை நிகழ்த்துவது வழக்கம். அதைக் கேட்காமல் மேலே போகாதீர்கள். சந்தேகங்களை அங்கேயே கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

எட்டாம் நாள் யாக் கர்கா, சுமார் 4,020 மீட்டர். மூன்று நான்கு மணிநேரத்தில் போய்விடலாம், மதியமே நடை முடிந்துவிடும், கால் பரபரக்கும். அங்கேயே இருங்கள். ஒன்பதாம் நாள் தோரோங் ஃபேதி, சுமார் 4,450 மீட்டர். அதற்குச் சற்று முன் சரிந்து விழும் கற்சரிவுப் பகுதி ஒன்று உண்டு, காற்று எழும் முன் காலையிலேயே, நிற்காமல், இடைவெளிவிட்டு அதைக் கடக்க வேண்டும்.

ஃபேதிக்கு மேலே, சுமார் 4,880 மீட்டரில், உயர்முகாம் இருக்கிறது. அங்கே தங்கினால் கணவாய் நாளில் ஒன்றரை மணிநேரம் மிச்சமாகும் என்று பலர் ஏறிப்போகிறார்கள். அந்த உயரத்தில் உறக்கம் வராது, பசி எடுக்காது, இரவில் யாருக்காவது உடல்நிலை மோசமானால் இருட்டில் செங்குத்தில் இறக்க வேண்டும். தலைவலி சிறிதுமின்றி ஃபேதியை அடைந்தவர்கள் மட்டும் இதை எண்ணலாம். மற்றவர்கள் ஃபேதியில் உறங்கி, ஒரு மணிநேரம் முன்னதாக எழுவதே மேல்.

பத்தாம் நாள் கணவாய். இத்துடன் காத்திருப்புக்காக மூன்று நாட்களைச் சேர்த்துக்கொண்டால், போகவர எல்லாமாகப் பதினாறு பதினேழு நாள் விடுப்பு வேண்டும். பன்னிரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால், இந்தக் கணவாயை அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போட்டு, மனாங்வரை போய்வாருங்கள்.

உணவைப் பற்றி ஒரு சொல். பருப்பும் சோறும் காய்கறியும் சேர்ந்த தால் பாத் எங்கும் கிடைக்கும், கேட்டால் மறுபடியும் போடுவார்கள். சைவர்களுக்குச் சிரமமே இல்லை. ஃபேதி உயரத்தில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் எதுவும் எளிதில் வேகாது. ஆகவே நேரத்தோடு சொல்லிவைத்து உண்ணுங்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொஞ்சம் கொண்டுபோனவர்களைச் சுற்றி நாலாயிரம் மீட்டருக்குமேல் நண்பர்கள் கூடுவார்கள்.

நோயை அறிதல், திரும்புதல்

தலைவலியுடன் குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய அசதி ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை மலைநோய் என்றே கொள்ள வேண்டும். அந்நிலையில் மேலே ஏறக்கூடாது. அதே இடத்தில் ஓய்வு. குறையாவிட்டால் இறக்கம். ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், விடாத இருமல், நெஞ்சில் கொரகொரப்பு என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். குடித்தவர்போல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, காரணமற்ற எரிச்சல் என்றால் மூளையில் வீக்கம். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டிவைத்து நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அந்த நிமிடமே, நள்ளிரவானாலும், துணையோடு இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பதே உயிரைப் பறிக்கிறது.

டயமாக்ஸ் என்று அறியப்படும் அசிட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்துகிறது. தடுப்புக்காக 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி எடுப்பது பொதுவான முறை. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. விரல் நுனியில் கூச்சமும் அடிக்கடி சிறுநீரும் எதிர்பார்க்கத்தக்கவை. தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கருவியின் எண்ணைப் பிறர் எண்ணோடு ஒப்பிட்டு அஞ்சுவதும் மகிழ்வதும் வீண். அறிகுறியே முதல் சாட்சி.

தலைவலியை மறைப்பவர் குழுவில் கட்டாயம் ஒருவர் இருப்பார், மற்றவர்களின் பயணம் தன்னால் கெடுமே என்ற கூச்சத்தால். ஆகவே கிளம்பும் முன்பே, ஊரிலேயே உட்கார்ந்து, யார் திரும்பினால் யார் உடன் திரும்புவது என்று பெயர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள்.

கணவாய் நாள்

காலை பத்து மணிக்குப் பிறகு கணவாயில் காற்று பலமாகும் என்பதால் நான்கு மணிக்கே நடக்கத் தொடங்க வேண்டும். அதற்கும் வெகுமுன்னே கிளம்பினால் கும்மிருட்டில் நடந்து உறைவீர்கள், வேண்டாம். அந்நேரத்தில் குளிர் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போவது இயல்பு. தண்ணீர்ப்பையின் உறிஞ்சுகுழாய் உறைந்துவிடும், ஆகவே புட்டியில் தண்ணீர் எடுத்து, அதன் வாய்ப்பக்கம் உறையாதபடி தலைகீழாகப் பைக்குள் வையுங்கள். உயர்முகாம்வரை செங்குத்து, அதற்கப்பால் ‘இதோ வந்துவிட்டது’ என்று ஏமாற்றும் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பேச முடிகிற வேகமே சரியான வேகம்.

ஒன்பது மணிக்குள் பாதி ஏற்றம்கூட முடியவில்லை, அல்லது மேற்கே மேகம் கறுக்கிறது, அல்லது பனி கொட்டத் தொடங்கிவிட்டது என்றால் ஃபேதிக்குத் திரும்புங்கள். அதற்குத்தான் மூன்று நாள் மிச்சம். உச்சியில் வண்ணக் கொடிகளும், பெயர்ப்பலகையும், பருவ காலத்தில் ஒரு தேநீர்க் குடிலும் இருக்கும். படம் எடுத்துக்கொண்டு கால் மணிநேரத்தில் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். மறுபக்கச் சரிவு நீளமானது, உதிர்கல் நிறைந்தது, காலையில் பல இடங்களில் உறைந்தும் இருக்கும். எல்லாமாக எட்டு முதல் பத்து மணிநேரம்.

இறங்கிய பின்

சுமார் 3,760 மீட்டரில் உள்ள முக்திநாத், ஆழ்வார்கள் பாடிய 108 திவ்யதேசங்களில் திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் தலம். பௌத்தர்களுக்கும் புனிதமானது. ஜோம்சோமிலிருந்து ஜீப்பில் வந்திறங்கும் தமிழ்ப் பயணிகளை இங்கே காணலாம். திடீரென்று இந்த உயரத்துக்கு வந்ததால் அவர்களுக்கு மூச்சு வாங்கும், நீங்கள் படியில் தாவி ஏறுவீர்கள். கோயிலின் பின்புறம் வரிசையாக உள்ள 108 நீர்த்தாரைகளில் குளிக்க விரும்புகிறவர்கள் கணவாயிலிருந்து இறங்கிய அன்றே, களைத்து, நீர் வற்றிய உடலோடு போக வேண்டாம். பனிநீர் அது. இரவு உண்டு உறங்கி, மறுநாள் வெயில் வந்தபின் போங்கள்.

ஜோம்சோமிலிருந்து பொக்காராவுக்குச் செல்லும் சிறு விமானங்கள் காலையில்தான் பறக்கும். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே காற்று சீறத் தொடங்கிவிடும் என்பதே காரணம். மேகமிருந்தால் அன்றைய விமானம் ரத்து. சாலை வழியாகப் பேருந்திலும் ஜீப்பிலும் போகலாம், உடம்பு குலுங்கும், ஆனால் போய்ச்சேர்ந்துவிடலாம். காத்திருப்பு நாட்களைக் கணவாயிலேயே செலவழித்துவிட்டவர்கள் விமானத்தை நம்பாமல் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்மாண்டுவிலிருந்து ஊருக்குக் கிளம்பும் விமானத்துக்கும் பொக்காராவை அடையும் நாளுக்கும் நடுவே ஒரு முழுநாளாவது இருக்கும்படி சீட்டைப் பதிவு செய்யுங்கள்.